அறையில் இருப்பவர்களுக்குச் சம்மதமா

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்தது. கடைசி ஆளும் பல் குத்திக்கொண்டே வெளியேறியதும், கினுயோ வாசல் திரையைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்தாள். வியாழக்கிழமை, மணி இரண்டரை. இனி ஐந்து மணிக்கு மறுபடி அடுப்பு மூட்டும் வரை மசுயா ஊதோன் நூடுல்ஸ் கடையின் மாடியறை தத்துவக்காரர்களுடையது.

மற்ற ஊர்களில் ஆண்பிள்ளைகள் கூடினால் சீட்டாடுவார்கள், குடிப்பார்கள். கியோத்தோவில், அதுவும் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சந்துகளில், புத்தி அப்படிப் போவதில்லை. ஐந்து பேர் சேர்ந்து ஒரு புத்தகம் படித்தார்கள். ஒரே ஒரு புத்தகம். இருநூற்றுப் பதினாலு பக்கம். அதற்கு முப்பத்தோரு வருஷம். கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும், தாராளமாகச் சிரியுங்கள். கினுயோவும் ஆரம்பத்தில் சிரித்தவள்தான்.

இன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து பேரில் மூன்று பேர் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் இருவர்: பள்ளிக்கூடத்தில் ஒழுக்கவியல் நடத்தி ஓய்வு பெற்ற மகாபே வாத்தியார், அடுத்த தெருவில் பல் பிடுங்கும் குசுமி டாக்டர். இதில் மகாபே கோடையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். வடக்கே சப்போரோவில் இருக்கும் மகன் வந்து, "இனிமேல் நீங்க தனியா இருக்கறதுக்கு நான் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ரயில். ஆக, இதுதான் கடைசி வியாழன். புத்தகத்தில் பாக்கி இருப்பதும் ஒரே ஒரு வாக்கியம்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல கினுயோவிடமும் ஒரு வார்த்தை இருந்தது. முப்பத்தோரு வருஷமாக உள்ளேயே கிடந்த வார்த்தை. யாரும் கேட்கவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை. இன்று சொல்லாவிட்டால் இனி அதைக் கேட்க இந்த உலகத்தில் ஆளில்லை. சொன்னாலோ, ஊரைவிட்டுப் போகிற கிழவர் புத்தகத்தை முடிக்காமல் போவார். காலையிலிருந்து வெங்காயத்தாள் நறுக்கும்போதும் மாவைத் துணி போர்த்திக் காலால் மிதிக்கும்போதும் அவளுக்கு இதே நினைப்பு.

ஆரம்பித்தது ஷிமோகாவா. போர் முடிந்து இரண்டாம் வருஷம், பனி உருகத் தொடங்கிய ஒரு நாள், நொண்டிக்கொண்டே கடைக்குள் வந்தார். பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக் கொடுக்கிறவர். பட்டாளச் சட்டையில் பொத்தானை மாற்றித் தைத்துப் போட்டிருந்தார். அப்போது ஊரில் சாப்பாடே கிடையாது. ஊதோன் கடை என்று பெயர்தானே தவிர, கினுயோ சர்க்கரைவள்ளிக் கொடியை வேகவைத்து விற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்து நாலு வயது.

"மேலே ரூம் சும்மாதானே இருக்கு. வாரத்துல ஒரு நாள் மதியம் தர முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"எதுக்குங்க?"

"படிக்க."

"சாப்பிட ஒண்ணும் இல்லாத காலத்துலயா?"

"அதனாலதாம்மா. வயித்துக்குத்தான் ஒண்ணும் கிடைக்கலை. மண்டைக்காவது எதையாவது போடுவோம்."

ஒரு பை கோதுமை மாவைப் பலகையில் வைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமலே மாடி ஏறிவிட்டார். அந்தக் காலத்து மனிதர்களுக்கு அப்படி ஒரு பசி இருந்தது. தத்துவப் புத்தகம் அச்சாகி வருகிறது என்றால் விடியற்காலையிலேயே கடை வாசலில் வரிசை நிற்கும். வீடு எரிந்தவன், பிள்ளையைப் பறிகொடுத்தவன், பட்டாளத்திலிருந்து பேன் பிடித்த தலையோடு திரும்பியவன் எல்லாரும் அந்த வரிசையில் நிற்பார்கள். இப்போது அந்த வரிசை குளிர்பதனப் பெட்டிக் கடை வாசலில் நிற்கிறது. தப்பென்று சொல்லவில்லை. ஆனாலும் கினுயோவுக்கு அந்த நாட்கள் இன்னும் கண்முன்னால் நிற்கின்றன. உள்ளங்கையை ஊதி ஊதிச் சூடேற்றிக்கொண்டு, கரி இல்லாத கணப்பைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சண்டை போடுவார்கள். ஒரு அவித்த கிழங்கை ஐந்தாக நறுக்கி வைப்பாள். பேச்சு மும்முரத்தில் யாரோ ஒருவர் இரண்டு துண்டு தின்றுவிடுவார், அதற்கும் ஒரு சண்டை வரும்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி. அதைப் போட்டதும் ஷிமோகாவாதான். ஒரு வாக்கியம் படிக்க வேண்டும். அது என்ன சொல்கிறது என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். கடைசியில் அன்றைக்குத் தலைமை ஏற்றவர், "அறையில் இருக்கிறவங்க எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்பார். ஒருவர் இல்லை என்றாலும் அடுத்த வாக்கியத்துக்குப் போகக் கூடாது. மாசக் கணக்கானாலும் அங்கேயே நிற்க வேண்டும்.

"இது என்னங்க, நத்தை கூட முந்திடும்போல இருக்கே" என்று முதல் மாதத்தில் குசுமி அலுத்துக்கொண்டபோது, ஷிமோகாவா நொண்டிக் காலைத் தடவிக்கொண்டே சொன்னதை கினுயோ இன்றைக்கும் அப்படியே சொல்வாள். "இந்த நாடு பூரா சரி, சரி, சரின்னு தலையாட்டித்தான் நாம இந்தக் கதிக்கு வந்தோம். நானும் ஆட்டினேன். எனக்குப் பிடிச்ச தத்துவத்தையெல்லாம் சொல்லியே ஆட்டினேன். இந்த ஒரு அறையிலயாவது ஒப்புக்குச் சரி சொல்ல வேண்டாம். ஒருத்தர் இல்லைன்னா எல்லாரும் நிப்போம்."

அதற்குப் பிறகு விதியைப் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை.

புத்தகத்தை எழுதியவர் இனோகுமா தோசான். பெரிய பெயரெல்லாம் இல்லை. பல்கலைக்கழகத்திலேயே பாதிப்பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஏரிக்கரை ஊர் ஒன்றில் பெண்கள் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஒரு நாள் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, "செத்துப்போன என் தம்பி இப்ப யாருக்குத் தம்பி?" என்று கேட்டிருக்கிறாள். வேறு வாத்தியாராக இருந்தால், உட்காரு என்று சொல்லிவிட்டுப் பாடத்தைப் பார்த்திருப்பார். இந்த மனுஷன் யோசித்திருக்கிறார். மணி அடிக்கும் வரை பேசாமல் நின்று யோசித்திருக்கிறார். மறுநாளும் வந்து நின்று யோசித்திருக்கிறார். மூன்றாம் நாளும் அப்படியே. நாலாம் நாள் தலைமை ஆசிரியர் அவரை வேலையைவிட்டே அனுப்பிவிட்டார். பிறகு துறைமுகத்தில் ஒரு உப்புக் கிடங்கில் காவல் வேலை பார்த்துக்கொண்டு, பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து எழுதிய ஒரே புத்தகம் அது. முதல் பக்கம் அந்தச் சிறுமியின் கேள்வியில்தான் தொடங்குகிறது.

அந்த முதல் பக்கத்தை ஷிமோகாவா உரக்கப் படித்த நாளில்தான் கினுயோவின் சிரிப்பு நின்றது. தேநீர்த் தட்டோடு ஏறிக்கொண்டிருந்தவள் நாலாவது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பதினாலு மாதத்தில் புருஷன் பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனான். அடுத்த வருஷம், அவன் அஸ்தி என்று வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி ஒன்று வந்தது. ஆட்டினால் கலகலவென்று சத்தம். திறந்து பார்த்தால் ஒரு கூழாங்கல்லும் பெயர் எழுதிய சீட்டும். எலும்பு கூட இல்லை. வயசு கிடக்கிறது, பிறந்த வீட்டுக்குப் போ, வேறு கல்யாணம் பண்ணிக்கொள் என்று மாமனாரே சொன்னார். செத்துப்போனவன் இப்போது யாருக்குப் புருஷன் என்று அவளும் தனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பைத்தியக்காரக் கேள்வி என்று நினைத்திருந்தாள். அதைப் படித்த மனிதர்கள் மாடியில் உட்கார்ந்து கேட்கிறார்கள், அதற்கு ஒரு புத்தகமே இருக்கிறது என்றதும், அவளுக்கு அழுகை வந்தது. தனக்குப் பைத்தியமில்லை என்ற நிம்மதியில் வந்த அழுகை.

அன்றிலிருந்து வியாழக்கிழமை தவறாமல் நாலாவது படி. தேநீர் கொடுப்பாள், இறங்குவதுபோல் இறங்கி அங்கே உட்கார்ந்துகொள்வாள். "எல்லாருக்கும் சம்மதமா?" என்ற கேள்வி வருவதற்கு முன்பே அறையைவிட்டு வெளியே வந்துவிடுவாள். அறையில் இருப்பவர்களுக்குத்தானே கேள்வி. படியில் இருப்பவளுக்கு எதற்கு? ஐந்து பேரும் நல்லவர்கள்தான், வஞ்சனை இல்லாதவர்கள்தான். ஆனால் தேநீர் கொண்டுவருகிறவளுக்கும் ஒரு யோசனை இருக்கலாம் என்பது மட்டும் அத்தனை தத்துவத்துக்கும் எட்டவில்லை.

பின்வாசல் கதவு இழுபட்டது. குசுமி டாக்டர் உள்ளே தலையை நீட்டினார். உருண்டையான ஆள், வெள்ளை அங்கியைக் கழற்றாமலே வந்திருந்தார்.

"மசுயா அம்மா, அவன் வந்துட்டானா?"

"இன்னும் இல்லை டாக்டரே. போன மாசத்தோட டிராம் வண்டியை நிறுத்திட்டாங்களே. பஸ்ஸைப் பிடிச்சு வரணும்."

"நல்லதாப் போச்சு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு நான் தோத்துடப் போறேன்."

"என்னது?"

"ஏழு வருஷமா அந்தக் கடைசி வாக்கியத்துலயே நிக்கிறோம். அவன் ஒண்ணு சொல்றான், நான் ஒண்ணு சொல்றேன். இப்ப அவன் ஊரைவிட்டே போறான். போற மனுஷன் முடிச்சிட்டுப் போகட்டும்னு பாக்கறேன். நீ சொல்றதுதான் சரின்னு சொல்லிடப் போறேன். மூஞ்சிய மட்டும் நம்பற மாதிரி வச்சுக்கணும்."

"உங்க மூஞ்சி அப்படியெல்லாம் வராதே" என்றாள் கினுயோ.

"பல் பிடுங்கறப்ப வலிக்காதுன்னு சொல்றேனே, அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டு, முனகிக்கொண்டே மாடி ஏறினார்.

கால் மணி நேரத்தில் முன்வாசலில் தடி தட்டும் சத்தம். மகாபே வாத்தியார். ஒல்லி, உயரம், கழுத்துவரை பொத்தான். பஸ் நடத்துனரைத் திட்டிக்கொண்டே வந்தார். டிராமில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டு வரலாமாம், பஸ்ஸில் குடலைப் பிடித்துக்கொண்டு வரத்தான் முடியுமாம். கினுயோ கையைப் பிடித்து ஏற்றினாள். நாலாவது படியில் மூச்சு வாங்க நின்றார்.

"மசுயா அம்மா, குசுமி கிட்ட சொல்லிடாதீங்க. இன்னைக்கு நான் அவன் பக்கம் சாஞ்சிடப் போறேன்."

மாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள் கினுயோ. "ஏன் வாத்தியாரே?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் போயிட்டா அவன் ஒத்தையா உட்கார்ந்து அந்த வாக்கியத்தை வெறிச்சுப் பாத்துட்டு இருப்பான். பாவம். முடிஞ்சதுன்னு ஒரு நிம்மதியாவது அவனுக்குக் கிடைக்கட்டும்."

அவரை மேலே உட்கார வைத்துவிட்டு, கினுயோ இறங்கித் தேநீர் போட்டாள். சிவப்பு அவரை இனிப்பைத் தடிமனாக நறுக்கி மூன்று தட்டில் வைத்தாள். மூன்று தட்டு எடுத்த பிறகுதான், என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. ஒன்றைத் திருப்பி வைக்கப் போனாள். வைக்கவில்லை.

மேலே போனபோது மகாபே புத்தகத்தைப் பிரித்துக் கடைசி வாக்கியத்தை வழக்கம்போல எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார். "கேட்டவர் எழுந்து போன பிறகும் கேள்வி அறையிலேயே உட்கார்ந்திருக்கிறது."

ஏழு வருஷச் சண்டை இதற்குத்தான். இது ஆறுதல் என்பது குசுமியின் கட்சி. மனுஷன் செத்துப் போவான், அவன் கேட்டது சாகாது, அடுத்தவன் வந்து அதை எடுத்துக்கொள்வான், தைரியமாகப் போ என்று இனோகுமா சொல்கிறார் என்பார். மகாபே, இது குற்றச்சாட்டு என்பார். அந்தச் சிறுமிக்குப் பதில் சொல்லாமல் வகுப்பைவிட்டு வந்தவர் தன்னையே குத்திக்கொள்கிறார், நீ ஓடிப்போனாய், கேள்வி ஓடவில்லை, அங்கேயேதான் இருக்கிறது என்பதுதான் இதற்கு அர்த்தம் என்பார்.

கினுயோ தட்டுகளை வைத்தாள். இறங்கவில்லை. சுவரோரமாக முழங்கால் மடித்து உட்கார்ந்தாள். கடைசி நாள் என்பதால் இருக்கும் என்று இரண்டு பேரும் நினைத்திருப்பார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

குசுமி தொண்டையைக் கனைத்தார். "மகாபே, நான் இந்த வாரம் பூரா யோசிச்சேன். நீ சொல்றதுதான் சரி. இது குற்றச்சாட்டுதான்."

மகாபே நிமிர்ந்தார். "இல்லையே. நானும் யோசிச்சேன். நீ சொன்னதுதான் சரி. ஆறுதல்தான்."

"ஆறுதலா? எப்படி ஆறுதல் ஆகும்? பதில் சொல்லாம ஓடிவந்தவர்யா அவரு."

"ஓடிவரலை, துரத்தி விட்டாங்க. பத்தொன்பது வருஷம் அதே கேள்வியோட இருந்த மனுஷனை ஓடிப்போனவர்னு சொல்லுவியா?"

"நீதானே ஏழு வருஷமா சொல்லிட்டிருந்தே."

"அப்ப எனக்குப் புத்தி இல்லை."

"இப்பவும் இல்லை. குற்றச்சாட்டுங்கறதுக்கு நூத்து எம்பதாம் பக்கத்துலயே ஆதாரம் இருக்கு. எடு, எடுத்துப் பாரு."

புத்தகம் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போனது. பக்கங்கள் புரண்டன. குசுமி மகாபேயின் வாதத்தை மகாபேயைவிட நன்றாக வாதாடினார். மகாபே குசுமியின் கட்சிக்கு குசுமிக்கே தெரியாத நாலு காரணம் காட்டினார். ஒருவர் சொன்னதை ஒருவர் இத்தனை வருஷம் எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார்கள் என்று கினுயோ அன்றுதான் பார்த்தாள். எதிராளியின் வார்த்தையை ஒன்றுவிடாமல் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். தேநீர் ஆறிப்போயிற்று. குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பழைய ஐந்து பேரும் மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டதுபோல இருந்தது அவளுக்கு. கண்ணை மூடினால் ஷிமோகாவா கூட அந்த மூலையில் கால் தடவிக்கொண்டு இருக்கிறார்.

திடீரென்று மகாபே நிறுத்தினார். "யோவ் குசுமி. நீ ஒப்புக்குச் சொல்றே."

"நீ மட்டும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குசுமியின் முகம் மெல்லச் சுருங்கியது.

"எனக்காக விட்டுக்கொடுத்தியா?" என்றார் மகாபே.

"நீ மட்டும் யாருக்காக விட்டுக்கொடுத்தே?"

மகாபே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "வயசாயிடுச்சுப்பா" என்றார். "ரெண்டும் இருக்கட்டும். ஆறுதலும்தான், குற்றச்சாட்டும்தான். அப்படி வச்சுட்டு முடிச்சிடலாம். என்ன சொல்றே?"

முப்பத்தோரு வருஷத்தில் மகாபே எதையும் இப்படிச் சமாளித்துவிட்டது கிடையாது. பாதிப் பாதியாகப் பங்கு போட இது என்ன ஊறுகாயா என்று மற்றவர்களைத் திட்டுகிற மனிதர். குசுமியும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சரி, வச்சுக்கலாம்" என்றார். கினுயோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதற்காகவா இத்தனை வருஷம்?

மகாபே நிமிர்ந்து உட்கார்ந்தார். புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விதிப்படி கேட்டார். "அறையில் இருக்கிறவங்க எல்லாருக்கும் சம்மதமா?"

"சம்மதம்" என்றார் குசுமி.

"எனக்கும் சம்மதம்" என்றார் மகாபே. புத்தகத்தை மூடப்போனார்.

"எனக்கு இல்லை" என்றாள் கினுயோ.

அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. இரண்டு பேரும் திரும்பினார்கள். சுவர் பேசினால்கூட அவர்கள் இவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டார்கள்.

"மன்னிச்சிடுங்க வாத்தியாரே. அறையில இருக்கிறவங்கன்னு கேட்டீங்க. நானும் அறையிலதான் இருக்கேன். எனக்குச் சம்மதம் இல்லை."

மகாபே புத்தகத்தை மூடாமல் வைத்தார். "சொல்லுங்க" என்றார்.

"சொல்லத் தெரியாது எனக்கு. கேட்டது மட்டும்தான். அந்தப் படியில உட்கார்ந்து முதல் பக்கத்துலேர்ந்து கேட்டிருக்கேன்." கை மேல்துணியின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போனவரைப் பத்தியே பேசறீங்க. போனவருக்கு ஆறுதலா, போனவர் மேல குற்றமா, இதுதான் பேச்சு. அந்த வாக்கியத்துல கேள்வி அறையிலேயே உட்கார்ந்திருக்குன்னுதானே எழுதியிருக்கார். அறையில மிச்சம் இருக்கிறவங்களைப் பத்தி ஏழு வருஷத்துல ஒரு பேச்சு உண்டா?"

குசுமி கையிலெடுத்த இனிப்பைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"என் வீட்டுக்காரர் போனார். ஒரு கல்லை அனுப்பி வச்சாங்க. கேள்வி உட்கார்ந்துடுச்சு. காலையில எழுந்தா அதுவும் எழுந்திரிக்குது. நான் மாவு பிசைஞ்சா பக்கத்துல நிக்குது. அதுக்கு நான் சோறு போட்டு, டீ வச்சு, முப்பத்து நாலு வருஷமா வச்சுக் குடும்பம் நடத்தறேன். அது ஆறுதல் இல்லை டாக்டரே. குத்தலும் இல்லை. அது ஒரு வேலை. தினம் செய்யற வேலை. ஒரு நாள் செய்யாம விட்டா அவர் நிஜமாவே செத்துப் போயிடுவார். அதனாலதான் செய்யறேன்."

அவள் புத்தகத்தின் பக்கம் கை காட்டினாள்.

"இனோகுமா அய்யா பெரியவர். அவர் வீட்டுக்கு வந்துட்டார், புத்தகம் எழுதிட்டார். நல்லது. ஆனா அந்தப் பொண்ணு? அடுத்த நாளும் அதே வகுப்புக்குத்தானே வந்திருப்பா. அவதானே அறையில மிச்சம் இருந்தவ. அவ அப்புறம் என்ன ஆனா? இருநூத்திப் பதினாலு பக்கத்துல எங்கேயாவது இருக்கா?"

மகாபே யோசித்தார். அந்தப் புத்தகத்தில் அவருக்குத் தெரியாத வரி இல்லை. "இல்லை" என்றார் கடைசியில்.

"பேராவது இருக்கா?"

"பேரும் இல்லை. ஒரு சிறுமின்னு இருக்கு, அவ்வளவுதான்."

"அதான் எனக்குச் சம்மதம் இல்லை" என்றாள் கினுயோ. சொல்லி முடித்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. தரையில் கையூன்றித் தலை குனிந்தாள். "உங்களை முடிக்க விடாம பண்ணிட்டேன் வாத்தியாரே. ஞாயித்துக்கிழமை கிளம்பற மனுஷனை."

மகாபே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் நீர் நின்றது, அதைத் துடைக்கவும் இல்லை.

"முடிச்சிருந்தா, திங்கக்கிழமை காலையில சப்போரோவுல எழுந்து நான் என்னம்மா பண்ணியிருப்பேன்?" என்றார்.

குசுமி மூக்கை உறிஞ்சினார். "ஷிமோகாவா இருந்திருந்தா உன்னையும் என்னையும் இப்ப நல்லா உதைச்சிருப்பார்" என்றார்.

"விதி விதிதான். ஒருத்தர் இல்லைன்னா எல்லாரும் நிப்போம். நான் சப்போரோவுலேர்ந்து எழுதறேன். நீங்க ரெண்டு பேரும் இங்கே உட்காருங்க. வியாழக்கிழமை சாயங்காலத் தபால்ல எனக்குப் போட்டுடுங்க." மகாபே பேசிக்கொண்டே பைக்குள் கைவிட்டு ஒரு நீல அட்டை நோட்டை எடுத்தார். கூட்டம் முடிந்ததும் அன்றைக்கு எந்த வாக்கியம், யார் உடன்படவில்லை என்று அதில் எழுத வேண்டியது அவர் வேலை. தேதி போட்டார். வாக்கியத்தை எழுதினார். உடன்படாதவர் என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். காதுவரை சிவந்துவிட்டது அவருக்கு.

"மசுயா அம்மா... உங்க பேர் என்ன?"

முப்பத்தோரு வருஷம். கடையின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுப் பழகியாயிற்று. மகாபே குசுமியைப் பார்த்தார். குசுமிக்கும் தெரியவில்லை. அவர் இந்த அம்மாளுக்கு மூன்று கடைவாய்ப் பல் பிடுங்கியிருக்கிறார். காசு வாங்காமல் பிடுங்கியதால் பெயர் எழுதிச் சீட்டுப் போட்டதே இல்லை. இப்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கினுயோவுக்குக் கோபம் வரவில்லை. அதை அவளே எதிர்பார்க்கவில்லை. நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சகிசாகா கினுயோ" என்றாள். "சகிசாகாங்கறது என் வீட்டுக்காரரோட குடும்பப் பேர். அதை மாத்திக்கோ, அப்பா வீட்டுப் பேருக்கே திரும்பிடுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் மாத்திக்கலை."

மகாபே எழுதினார். வகுப்பில் பெயர் கூப்பிட்டே பழகிய மனுஷன், எழுதிக்கொண்டே வாய்விட்டும் சொன்னார்.

"உடன்படாதவர், சகிசாகா கினுயோ."

வெள்ளைப் பெட்டி வந்த அன்று வாசலில் நின்ற அதிகாரி ஒருவன் காகிதத்தைப் பார்த்து அந்தக் குடும்பப் பெயரைச் சொன்னான். அதற்குப் பிறகு அதை யாரும் உரக்கச் சொல்லி அவள் கேட்டதில்லை. கினுயோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, கடைக்காரி என்பதையும் மறந்து, இரண்டு ஆண்பிள்ளைகள் முன்னால் விம்மி விம்மி அழுதாள். இரண்டு பேரும் அவள் அழுது முடிக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.